பூஞ்சணம் பிடித்த சோயா: தெம்பே நல்ல சாப்பாடு என்று யார் சொன்னால் நம்புவோம்?

பாணில் பூஞ்சணம் பிடித்தால் எங்கட வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்த துண்டை மட்டும் பிய்த்து எறிவதா, முழுப் பாணையும் எறிவதா என்பதில்தான் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் கருத்து வேறுபாடு. புளிக்க வைத்துச் சாப்பிடுவது எங்களுக்குப் புதுசில்லை. தோசை மாவைப் புளிக்க விடுகிறோம், அப்பத்துக்குக் கள்ளு விடுகிறோம், பழஞ்சோறு இருக்கவே இருக்கிறது. இதெல்லாம் பற்றீரியாவும் மதுவமும் கண்ணுக்குத் தெரியாமல் பார்க்கிற வேலை. (மதுவமும் பங்கசு வகைதானே எண்டு உயிரியல் படிச்ச ஆக்கள் கையைத் தூக்குவினம். சரி, ஒத்துக்கொள்கிறோம்.) ஆனால் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் படர்ந்த ஒரு கட்டியைப் பார்த்து, நல்ல பதமாக வந்திருக்கு என்று சந்தோசப்பட்டு, கத்தியால் வெட்டிப் பொரித்துச் சாப்பிடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

ஜாவாவில் இருக்கிறது. அந்தக் கட்டியின் பெயர் தெம்பே. அவித்த சோயா அவரையில் பூஞ்சணத்தை வேண்டுமென்றே வளர்த்து எடுக்கிற உணவு. ஜாவாவில் அது விசேடமான பலகாரம் ஒன்றும் இல்லை, எங்களுக்குப் பருப்புக்கறி எப்படியோ அப்படி. காலையும் இருக்கும், மத்தியானமும் இருக்கும், காசில்லாத நாளில் அது மட்டுமே இருக்கும்.

இப்போது தெம்பே உலகம் முழுக்கப் போய்விட்டது. கைபேசியைத் திறந்தால் "தெம்பேயின் பத்து நன்மைகள்" என்று ஒரு பட்டியல் வந்து விழுகிறது. இருதயத்துக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, மூளைக்கு நல்லது, சைவக்காரருக்கு பி12 தரும் என்று வரிசையாகப் போகும். இந்தப் பட்டியல்களில் சில வரிகள் உண்மை, சில அரை உண்மை, ஒன்றிரண்டு பிழை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க வேறொரு கேள்விதான் பெரிசாகிக்கொண்டு போனது. ஒரு சனம் பல தலைமுறையாகச் சாப்பிட்டு, பிள்ளைகளுக்கும் கொடுத்து, நல்லது என்று கண்ட ஒரு சாப்பாடு எப்போது "ஆரோக்கிய உணவு" ஆகிறது? யாருடைய வயிறு அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது?

முதலில் செய்முறை. தெம்பேயின் நன்மைகள் என்று சொல்லப்படுகிறவை எல்லாம் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

சோயா அவரையை இரவு முழுக்க ஊற விடுவார்கள். அவரை ஊதிப் பெருக்க, தண்ணீர் மெல்லப் புளிக்கும். இலற்றிக் அமிலம் சுரக்கிற பற்றீரியாக்களின் வேலை அது. இந்தப் புளிப்பு கூடாத கிருமிகளுக்கு ஆகாது, பூஞ்சணத்துக்குப் பிரச்சினை இல்லை. பிறகு தோல் நீக்க வேண்டும். பழைய முறையில், கூடையில் போட்டு, தண்ணீருக்குள் நின்று காலால் மிதிப்பார்கள். தோல் இருந்தால் பூஞ்சணம் உள்ளே போகாது. தோல் போன பருப்பை அவித்து, பரப்பி ஆறவைத்து, ஈரம் உலரவிட்டு, அதன்பிறகுதான் உறை சேர்ப்பது. 

உறை என்றால் ஓர் இலை. எங்கட பூவரசுக்கு நெருங்கிய சொந்தமான நீர்ப்பருத்தி மரத்தின் இலை. அதன் அடிப்பக்கம் மெல்லிய மயிர் நிறைந்தது. முந்தைய தெம்பேயை இந்த இலைகளுக்கு இடையில் வைத்தால் பூஞ்சணம் இலையின் மயிருக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும். இலையைக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கு உறை தயார். ஜாவாக்காரர் இதை "உசார்" என்கிறார்கள். நாங்கள் தயிருக்கு மிச்சத் தயிரை எடுத்து வைக்கிற மாதிரித்தான், ஆனால் இது அலுமாரியில் காய்ந்தபடி கிடக்கும், கெடாது. 

உறை கலந்த அவரையை வாழையிலையில் பொதி கட்டி வைத்தால் ஒன்றரை, இரண்டு நாளில் முடிந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு பூஞ்சணமே சூடு பிறப்பிக்கும், பொதியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் தனித்தனி அவரை ஒன்றும் இராது. எல்லாவற்றையும் வெள்ளை இழைகள் பின்னி ஒரே கட்டியாக்கி இருக்கும். வாசம் காளான் வாசம். 

இன்னும் ஒரு நாள் விட்டால் கறுப்புப் புள்ளிகள் வரும், பிறகு அமோனியா நாறும். அதையும் எறிவதில்லை. கிழக்கு ஜாவாவின் கெடிரிப் பக்கம் அந்த மிஞ்சிப் பழுத்த தெம்பேயில் "சம்பல் தும்பாங்" என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். எங்கட கருவாட்டுக் குழம்பின் நியாயம்தான் அதற்கும்.

இந்தப் பூஞ்சணத்தின் பெயர் ரைசோப்பசு ஒலிகோஸ்போரஸ். உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு ரைசோப்பசு தெரிந்த பெயர். பாணில் வருகிற கறுப்புப் பூஞ்சணத்தின் மச்சான் முறை. அது அவரைக்குள் இழைகளை விட்டு நொதியங்களைச் சுரக்கிறது. புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது, கொழுப்பு உடைகிறது. அவரையில் இரும்பையும் நாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு எங்கட உடம்புக்கு விடாமல் பண்ணுகிற பைற்றிக் அமிலம் குறைகிறது. ரைபோபிளேவின், நயசின், பி6, போலேற்று ஆகிய விற்றமின்கள் கூடுகின்றன. தயமின், அதாவது பி1, குறைகிறது. பட்டியல்காரர் இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாப் புகழையும் பூஞ்சணத்துக்குக் கொடுக்கவும் ஏலாது. பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் அழிக்கிறது அடுப்பு. வயிறு ஊதப் பண்ணுகிற சீனிகள் பெருமளவு ஊறிய தண்ணீரோடும் அவித்த தண்ணீரோடும் போய்விடுகின்றன. ஆக, நன்மையில் ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு நெருப்புக்கு, ஒரு பங்கு மிதிக்கிற காலுக்கு. 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19, 20 கிராம் புரதம் இருக்கிறது. இறைச்சியோடு வைத்துப் பார்க்கக்கூடிய அளவு.

சோயா ஜாவாவில் பிறந்த பயிர் இல்லை, சீனத்தின் பயிர். சோயாவில் செய்கிற "தாகு", அதாவது ரோபு, பெயரும் பொருளும் சீனத்திலிருந்து வந்தவை. தெம்பே அப்படி இல்லை. சொல் ஜாவா மொழிச் சொல், பொருள் ஜாவாவின் பொருள். சோயாவுக்கு ஜாவா மொழியில் "கெடெலே", இந்தோனேசிய மொழியில் "கெடெலை". இது எங்கட "கடலை" என்ற சொல்லிலிருந்து போனது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். வியாபாரக் கப்பலில் கடலையைக் கொண்டுபோன ஆரோ சொல்லையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், ஜாவாக்காரர் அந்தச் சொல்லை வேறொரு பருப்புக்கு வைத்துக்கொண்டார்கள். சாவகச்சேரியின் பெயரில் சாவகம் இருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்படுகிற நாங்கள் இதையும் தெரிந்து வைத்திருக்கலாம்.

தெம்பேயை யார் கண்டுபிடித்தது? பெயர் இல்லை. வருடமும் இல்லை. எழுத்தில் முதலில் கிடைக்கிற இடங்களில் முக்கியமானது "செராட் சென்தினி" என்ற பெரிய ஜாவானியக் காவியம். சுரகர்த்தா அரண்மனையில் 1815 அளவில் எழுதப்பட்டது, கதை நடப்பது 17ஆம் நூற்றாண்டில். அதில் வெங்காயம், இஞ்சி, தேங்காய்ப்பால் போன்ற சமையல் சாமான்களோடு சாமானாக தெம்பேயும் வருகிறது. விளக்கம் ஏதும் இல்லை. வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்த பொருளுக்கு விளக்கம் எதற்கு?

பிறகு வந்தது ஒல்லாந்தரின் கட்டாயப் பயிர்ச்செய்கை. 1830இலிருந்து ஜாவாக் கிராமங்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. கோப்பி, கரும்பு, அவுரி. நடைமுறையில் பல இடங்களில் நிலமும் உழைப்பும் விதியைவிடக் கூடவே பறிபோயின. ஒல்லாந்தின் கடன் அடைந்தது. மத்திய ஜாவாவின் டெமாக், குரோபோகான் பகுதிகளில் 1849, 1850இல் பெரும் பஞ்சம் வந்தது. மேய்ச்சல் நிலமும் காடும் சுருங்க, இறைச்சியும் வேட்டையும் சாதாரண ஆட்களின் தட்டிலிருந்து மறைந்தன. ஓங் ஹோக் ஹாம் என்ற இந்தோனேசிய வரலாற்றாசிரியர் தெம்பேயின் கதையை இந்த இடத்தில்தான் வைக்கிறார். சனத்தொகை கூடி, இறைச்சி குறைந்த ஜாவாவைப் புரதம் கொடுத்துக் காப்பாற்றியது தெம்பே என்பது அவரின் வாதம். இதை அளந்து நிறுவுவது கஷ்டம். ஆனால் எங்களுக்கு இது பொருத்தமாகவே படுகிறது. நெல் வயலில் அறுவடைக்குப் பிறகு போடக்கூடிய ஓர் அவரை, வீட்டுக்கொல்லை இலை, இரண்டு நாள் பொறுமை. ஏழை வீட்டிலும் இது மூன்றும் இருந்தன.

ஒல்லாந்த அறிவியலுக்குத் தெம்பே மெதுவாகத்தான் கண்ணில் பட்டது. 1875இல் ஒரு ஜாவா - ஒல்லாந்த அகராதியில் சொல்லாக வருகிறது. 1895இல் பிரின்சன் கேர்லிக்ஸ் என்ற வேதியியலாளர் தெம்பேயில் இருக்கிற பூஞ்சணத்தை ரைசோப்பசு என்று அடையாளம் காண்கிறார். அவர் அங்கே இருந்தது சீனித் தொழிலுக்காக என்பதையும் சேர்த்து வாசியுங்கோ. சுதேசிகள் சாப்பிடுகிற விநோதப் பொருள் என்கிற அளவில்தான் அந்த ஆர்வம்.

இடையில் ஓர் இருண்ட பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக விருப்பமில்லை. மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில், எண்ணெய் பிழிந்த தேங்காய்ச் சக்கையிலும் தெம்பே செய்தார்கள். "தெம்பே பொங்க்ரெக்" என்று பெயர். சோயா வாங்கக் காசில்லாதவர்களின் தெம்பே. அதில் பூஞ்சணம் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு பற்றீரியா முந்திவிடும். அது சுரக்கிற பொங்க்ரெக் அமிலம் கலங்களின் சக்தி உற்பத்தியையே நிறுத்திவிடும். சாப்பிட்ட குடும்பங்கள் மொத்தமாகச் செத்திருக்கின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில் இது கூடியது. ஏனெண்டால் அதுவரை தேர்ந்த கைகள் செய்ததைக் காசு கொடுத்து வாங்கிய சனம், காசில்லாமல், கைப்பழக்கமும் இல்லாமல் தாங்களே செய்யத் தொடங்கியது. 

1930களின் நடுப்பகுதியில் வான் வீன், மேர்ட்டென்ஸ் என்ற இரண்டு ஒல்லாந்த ஆய்வாளர்கள் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகும் மரணங்கள் தொடர்ந்தன. 1988இல்தான் இந்தோனேசிய அரசு பொங்க்ரெக்கைத் தடைசெய்தது. சோயாத் தெம்பேக்கு இந்த ஆபத்தான வரலாறு இல்லை. ஆனாலும் "இயற்கையானது, பாரம்பரியமானது, ஆகவே நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு பகிர்கிறவர்கள் பன்யுமாஸை ஒருக்கா நினைக்க வேண்டும். பாரம்பரியம் என்றால் அங்கே கைப்பழக்கம் உள்ள ஆட்கள் என்று பொருள். அந்த ஆட்கள் இல்லாமல் போனால் அதே செய்முறை கொல்லும்.

1942இல் யப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். நேற்றுவரை ஆண்ட ஒல்லாந்தர் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் போனார்கள். முகாம்களில் சோற்றோடு கிடைத்த முக்கியமான புரதம் சில இடங்களில் சோயா அவரைதான். அவித்த சோயாவை நலிந்த வயிறுகள் ஏற்கவில்லை. வயிற்றுளைச்சல் வந்தவர்களுக்குப் போன மாதிரியே வெளியே வந்தது. அப்போதுதான் ஜாவாவில் இருந்து பழகியவர்கள் தெம்பே செய்யத் தொடங்கினார்கள். ஜாவா முகாம்களில் மட்டுமில்லை, சிங்கப்பூரின் சாங்கி முகாமிலும் ஒல்லாந்தக் கைதிகளிடமிருந்து பழகிச் செய்தார்கள். இரத்தக் கழிச்சலும் பட்டினி வீக்கமும் உள்ளவர்களுக்குக்கூட தெம்பே சமித்தது. போர் முடிந்ததும் இந்த அனுபவம் மருத்துவ, நுண்ணுயிரியல் சஞ்சிகைகளுக்குப் போனது. எழுதியவர்களில் பொங்க்ரெக் நஞ்சைக் கண்டுபிடித்த அதே வான் வீனும் ஒருவர். 1950இல் ஷேஃபர் என்பவரோடு சேர்ந்து, தெம்பேப் பூஞ்சணம் சோயாவை என்ன செய்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் திரும்பிப் போகிற இடம்.

அந்தக் கைதிகள் பட்ட பாட்டை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே வருடங்களில் முள்ளுக்கம்பிக்கு வெளியே என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். யப்பானியர் நெல்லைப் பறித்தார்கள். 1944, 1945இல் ஜாவாவில் பெரும் பஞ்சம், இலட்சக்கணக்கில் சாவு. "ரொமுஷா" என்று பெயர் சூட்டி இலட்சக்கணக்கான ஜாவாக்காரரைக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு தொகை சயாம் - பர்மா ரயில் பாதைக்குப் போனது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன எங்கட சனமும் அதே பாதையில்தான் செத்தது. தெம்பேயை உருவாக்கிய மக்களின் பசி ஆய்வுக் கட்டுரை ஆகவில்லை. ஐரோப்பியக் கைதியின் வயிறு ஏற்றுக்கொண்ட பிறகுதான் தெம்பே "எளிதில் சமிக்கும் உணவு" என்ற சான்றிதழைப் பெற்றது.

சுதந்திர இந்தோனேசியாவிலும் தெம்பேக்கு உடனே மரியாதை வந்துவிடவில்லை. சுகார்னோ தன் பேச்சுகளில், நாங்கள் தெம்பே இனம் இல்லை என்று முழங்குவார். மெத்தென்று அமுங்குகிற, மலிவான, முதுகெலும்பில்லாத என்கிற அர்த்தத்தில். "தெம்பே மனம்" என்றால் இன்றும் அங்கே கோழைத்தனம்தான். ஏழையின் சாப்பாட்டை வசைச்சொல் ஆக்குகிற பழக்கம் எங்களுக்கும் அந்நியமில்லை. பழஞ்சோறு, மரவள்ளி, ஒடியல் மா என்று யாரையாவது நக்கல் அடிச்ச கதை எல்லா ஊரிலும் இருக்கும்.

1950களின் கடைசியில் காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. இந்தோனேசியாவிலிருந்து கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன யாப் ப்வீ ஹ்வா என்ற மாணவி அங்கே தெம்பேயை ஆய்வுப்பொருள் ஆக்குகிறார். ஸ்ரெயின்க்ரவுஸ் என்ற பேராசிரியரின் குழுவோடு அவர் பெயரும் சேர்ந்து 1960இல் வந்த கட்டுரை அமெரிக்காவில் தெம்பே ஆய்வின் தொடக்கங்களில் ஒன்று. அதே காலத்தில் கோ ஸ்வான் ஜியென் என்ற இன்னொரு இந்தோனேசியர் பியோரியாவில் இருந்த அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வுகூடத்தில் ஹெசல்ரைனோடு வேலை செய்தார். போர்க்காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட ஆய்வுகூடம் அது. பூஞ்சணம் அவர்களுக்குப் பழகிய சாமான். இந்த இரண்டு இடங்களிலும் தொடக்கத்தில் இந்தோனேசியர்கள் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கோ. பிற்காலத்துப் பொது எழுத்துகளில் பேராசிரியர்களின் பெயர்கள்தான் மிஞ்சின.

பிறகு 1970களில் ரென்னசியில் "தி ஃபார்ம்" என்ற ஹிப்பிக் கூட்டுப்பண்ணை தெம்பேயை எடுத்துக்கொண்டது. 1979இல் ஷேர்ட்லெஃப், அவொயாகி இணையரின் தெம்பே நூல் வந்தது. அமெரிக்காவில் தெம்பேக் கடைகள் முளைத்தன. இறைச்சி விட்டவர்களுக்கு ஒரு பெரிய கவலை விற்றமின் பி12. மரக்கறியில் அது இல்லை. தெம்பேயில் பி12 இருக்கு என்று கேள்விப்பட்டதும் அந்தச் சந்தோசம் பொதி உறைகளிலும் அச்சாகியது.

உண்மையில் நடந்தது இது. 1977இல் லியெம், ஸ்ரெயின்க்ரவுஸ், குரொங்க் ஆகியோர், தெம்பேயில் பி12ஐ உண்டாக்குவது பூஞ்சணம் இல்லை என்று காட்டினார்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு பற்றீரியாதான் அதைச் செய்கிறது. தூய பூஞ்சண வளர்ப்பை மட்டும் போட்டுச் செய்த தெம்பேயில் பி12 இல்லை என்றே சொல்லலாம். இலையும், ஆற்றுத் தண்ணியும், பல கைகளும் பட்ட தெம்பேயில்தான் அந்தப் பற்றீரியா வந்து சேர்கிறது. அமெரிக்கத் தொழிற்சாலை எவ்வளவு சுத்தமாகச் செய்ததோ அவ்வளவுக்கு எந்த விற்றமினை விளம்பரம் செய்ததோ அது இல்லாமல் போனது. இதைப் படித்தபோது எங்களில் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். ஊத்தை நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தப் பற்றீரியாவின் சொந்தக்காரர்களில் நியூமோனியா தருகிறவையும் உண்டு. ஆனால் தெம்பே பி12க்கு நம்பக்கூடிய வழியில்லை என்பதை இறைச்சி, முட்டை, பால் எல்லாம் விட்ட நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு உயிரினத்தைக் குப்பிக்குள் பிரித்தெடுத்து "இதுதான் தெம்பே" என்று கொண்டுபோனால், மிச்சம் ஊரிலேயே நின்றுவிடும்.

மற்ற நன்மைகளைப் பற்றியும் சுருக்கமாக. பி6 விற்றமினைக் கண்டறிந்த போல் கியோர்கி, 1964இல் தெம்பேயிலிருந்து ஒட்சியேற்ற எதிரிகளைப் பிரித்தெடுத்தார். தெம்பே எண்ணெய் லேசில் காறல் அடிக்காததன் காரணம் அதுதான். சோயாவின் ஐசோபிளேவோன்கள் நொதித்தலில் உடம்பு உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாறுவதும் உறுதியான விசயம். அதனால் எந்த நோய் எவ்வளவு குறையும் என்பதில் இன்னும் ஒற்றைக் கருத்து இல்லை. 

வயிற்றோட்டம் பற்றிய ஆய்வுகள் எங்களுக்கு மிகவும் பிடித்தவை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில், ஈ. கோலை பற்றீரியா பன்றிக்குட்டிகளின் குடற்சுவரில் ஒட்டுவதைத் தெம்பேச் சாறு தடுக்கிறது என்று 2000களின் தொடக்கத்தில் கண்டார்கள். வயிறு சரியில்லாத பிள்ளைக்குத் தெம்பே கொடு என்று சொல்கிற ஜாவாப் பாட்டிக்கு இது செய்தி இல்லை.

நினைவாற்றல் பற்றி 2008இல் ஒரு ஆய்வு வந்தது. ஜாவாவில் 719 முதியவர்களைப் பார்த்ததில், ரோபு கூடச் சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் குறைவாகவும், தெம்பே கூடச் சாப்பிட்டவர்களுடையது நன்றாகவும் இருந்தது. பட்டியல்காரர் இதை "தெம்பே மறதியைப் போக்கும்" என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்த ஆய்வு ஒரு தொடர்பைத்தான் சொல்கிறது, காரணத்தை இல்லை. எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. இரண்டும் சோயாதான், ஆனால் ஒரே மாதிரி வரவில்லை. "சோயா நல்லது", "சோயா கூடாது" என்று ஒற்றை வரியில் சண்டை பிடிக்கிறதில் பெரிய அர்த்தம் இல்லை என்று அது காட்டுகிறது. 

எங்கட நாட்டிலும் சோயா என்றால் கனபேருக்குச் சோயாமீற்தான். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தால் பிதுக்கி எடுத்தது அது. திரிபோசாவிலும் சோளத்தோடு சோயா இருக்கிறது. இவையும் புரதம் தருகின்றன, யுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் கறி என்றால் சோயாமீற் என்று இருந்தது. ஆனால் தெம்பேயைப் பற்றிச் சொன்னதை எல்லாம் அதன் தலையில் கட்டக்கூடாது. அதில் பூஞ்சணத்தின் வேலை இல்லை.

இன்று இந்தோனேசியாவில் தெம்பே அனேகமாகப் பிளாஸ்ரிக் பையில் ஊசியால் குத்தின ஓட்டைகளோடு விளைகிறது. உறை, ஆய்வுகூடம் உருவாக்கிய தூள். அவரை? அதுதான் கதை. 1992இல் இந்தோனேசியா 18 இலட்சம் தொன்னுக்கு மேல் சோயா விளைவித்தது. 1998 நெருக்கடியில் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட உடன்பாட்டின்படி, புலோக் என்ற அரச நிறுவனத்தின் இறக்குமதி ஏகபோகம் போனது, இறக்குமதி வரியும் போனது. மலிவான அமெரிக்கச் சோயா வந்தது. 2007இல் உள்ளூர் விளைச்சல் 6 இலட்சம் தொன்னுக்குக் கீழே. ஜாவாவின் அடையாளமான தெம்பே இப்போது பெரும்பாலும் அமெரிக்க வயல்களின் அவரையில் செய்யப்படுகிறது. ஐ.எம்.எஃப். என்றால் என்ன என்று 2022க்குப் பிறகு எங்களுக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு வருடத்துக்குள் அவரை விலை இரண்டு மடங்கானபோது, 2008 சனவரியில் ஆயிரக்கணக்கான தெம்பே, ரோபுத் தொழிலாளர்கள் ஜகார்த்தாவில் சனாதிபதி மாளிகைக்கு முன்னால் திரண்டார்கள். 2012இலும் வேலையை நிறுத்தினார்கள், சந்தையில் சில நாட்களுக்குத் தெம்பே இல்லை. மற்ற நாட்களில் அவர்கள் செய்வது இன்னொன்று. வாங்குகிறவர்களும் தங்களைப் போலக் காசில்லாதவர்கள் என்று தெரியுமென்பதால் விலையை ஏற்றுவதில்லை, கட்டியைச் சிறிசாக்குவார்கள். 2018 செப்டெம்பரில், உப சனாதிபதி வேட்பாளர் சாண்டியாகா ஊனோ, தெம்பே ஏரிஎம் அட்டை அளவுக்கு மெல்லிசாகிவிட்டது என்று சொன்னார். ஆளும் தரப்பு மறுத்தது. நிருபர்கள் சந்தைகளுக்கு ஓடிப்போய்த் தெம்பேயின் தடிப்பை அளந்தார்கள்.